கான்ட்ராக்டர் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என் தலையில் வராதா?

கேட்டவர்: பல்லடம் ரோடு

வணக்கம்ங்க. திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன், எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். கட்டிங், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் நம்ம இடத்திலேயே நடக்கிறது. தையலை மட்டும் வெளியே பவர் டேபிளுக்கு (கூலிக்குத் தைத்துத் தரும் யூனிட்) கொடுத்து வாங்குகிறோம். என் ரோலில் (சம்பளப் பட்டியலில்) 18 பேர். இ.எஸ்.ஐ. எடுத்தாயிற்று. பி.எஃப். 20 பேர் ஆனால்தான் என்பதால் எடுக்கவில்லை.

இப்போது பின்பக்கக் காலி இடத்தில் ஷெட் போட்டு 40 மெஷின் இறக்கப் போகிறேன். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் எல்லாம் பேங்க் லோனில். தைக்க ஆள் என் பொறுப்பு இல்லை. தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவர் டெய்லர், கைமடி (உதவி ஆள்) எல்லாம் சேர்த்து 45 பேரைக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். பாதிப் பேர் உள்ளூர், பாதிப் பேர் ஒடிசா, பீகார். பீஸுக்கு இவ்வளவு என்று நான் அவருக்கு பில்லுக்குக் கொடுத்துவிடுவேன், ஜிஎஸ்டி உண்டு. சனிக்கிழமை ஆட்களுக்கு அவர் பட்டுவாடா செய்துகொள்வார்.

100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்பந்தம் தயாராகிவிட்டது. அதில் முக்கியமான இரண்டு பாராவை அப்படியே தருகிறேன்:

"மேற்படி தொழிலாளர்களுக்கும் முதல் பார்ட்டியான கம்பெனிக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், விபத்து நஷ்டஈடு இன்ன பிற அனைத்தும் இரண்டாம் பார்ட்டியையே சாரும்."

"தொழிலாளர்கள் கம்பெனியின் புரொடக்ஷன் மேனேஜர் சொல்படி நடக்க வேண்டும். தரம் சரியில்லாத பீஸ்களைக் கூலியின்றித் திரும்பத் தைத்துத் தர வேண்டும். திருப்தியில்லாத நபரை உடனே வெளியேற்ற கம்பெனிக்கு உரிமை உண்டு."

ஆடிட்டர் இது போதும் என்கிறார். மாமனாரோ, வம்பு வேண்டாம், எல்லாரையும் ரோலில் எடுத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்கிறார். அவர் சொல்வதுபோல் செய்தால் இப்போது வாங்கும் ரேட்டுக்குக் கட்டுப்படியாகாது.

இது தவிர ஒரு பேட்டர்ன் மாஸ்டர் இருக்கிறார். மாதம் 40,000 ரூபாய், கன்சல்டன்ட் என்று 10% டிடிஎஸ் பிடித்துக் கொடுக்கிறேன். வாட்ச்மேன் இரண்டு பேர் ஏஜென்சி மூலம். இவர்களாலும் பிரச்சினை வருமா?

---

பதில் 1: ஓவர்லாக்

அண்ணா, நான் கான்ட்ராக்ட் எடுத்து ஓட்டுகிறவன், அதனால் எங்கள் பக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்க.

திருப்பூரில் பாதிக் கம்பெனி இப்படித்தான் ஓடுது. புதுச் சட்டத்தில் கான்ட்ராக்ட் லேபர் 50 பேராவது இருந்தால்தான் லைசென்ஸே வேண்டும். உங்களுக்கு 45. அப்புறம் என்ன பயம்?

இன்னொன்று. கம்பெனிக்காரங்க எங்களிடம் பீஸுக்கு 50 பைசா குறைக்கச் சொல்லி மூன்று நாள் பேசுவீங்க. ஓவர்லாக் டெய்லர் பண்டிகைக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருகிறவரைக்கும் எங்கள் கையிலிருந்து அட்வான்ஸ் போகும். அந்த ரேட்டுக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் நாங்களே கட்டிக்கொள்ள வேண்டும் என்று பேப்பரில் எழுதி வாங்குவீங்க. கட்ட முடியாது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கையெழுத்து மட்டும் போடுவோம்.

---

பதில் 2: பழைய சலான்

கோவையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கன்சல்டன்ட் வேலை பார்க்கிறேன். பனியன் கம்பெனிகள்தான் அதிகம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

மேலே ஓவர்லாக் எழுதியதில் கடைசிப் பத்தி முழுக்க உண்மை. 50 பேர் கணக்கு பாதி உண்மை. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 21.11.2025 முதல் அமலுக்கு வந்துவிட்டன. 1970ஆம் ஆண்டு கான்ட்ராக்ட் லேபர் சட்டத்தில் 20 பேர் என்று இருந்தது புதியதில் 50 ஆகியிருப்பது சரிதான். ஆனால் அது கான்ட்ராக்டர் லைசென்ஸ், முக்கிய வேலையில் கான்ட்ராக்ட் ஆள் போடத் தடை போன்ற பகுதிக்கு மட்டும். பி.எஃப்.க்கு அந்த 50 பொருந்தாது, இ.எஸ்.ஐ.க்கும் பொருந்தாது.

இப்போது உங்கள் ஸ்டாம்ப் பேப்பர். வீண் என்று சொல்லமாட்டேன். உங்களுக்கும் கான்ட்ராக்டருக்கும் நடுவில் அது செல்லும். நாளைக்கு அவருக்காக நீங்கள் பணம் கட்ட நேர்ந்தால், திருப்பிக் கொடு என்று கேட்க அது ஆதாரம். ஆனால் பி.எஃப். அலுவலகம் அதில் கையெழுத்துப் போடவில்லை, இ.எஸ்.ஐ. போடவில்லை, ஊசி ஏறிய விரலோடு நிற்கிற டெய்லரும் போடவில்லை. அவர்கள் யாரையும் அது கட்டுப்படுத்தாது. இ.எஸ்.ஐ. சட்டம் 1948இலேயே சொல்லிவிட்டது: பங்களிப்பை முதலில் பிரின்சிபல் எம்ப்ளாயர், அதாவது கான்ட்ராக்ட் விட்ட முதலாளி, கட்ட வேண்டும், அப்புறம் கான்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம். பி.எஃப்.பிலும் அதே ஏற்பாடுதான். நீங்கள் கட்டிவிட்டுத் தேடிப் போகும்போது கான்ட்ராக்டர் வேறு பெயரில் ஜிஎஸ்டி எடுத்து, பெருமாநல்லூர் பக்கம் வேறு ஷெட்டில் இருப்பார். லோன் வாங்கிய மெஷினும் ஷெட்டும் உங்கள் பெயரில் இருக்கிறது. அதிகாரி யார் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று சொல்லவே வேண்டாம்.

ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. ஹைதராபாத்தில் ராயல் டாக்கீஸ் என்று ஒரு தியேட்டர். கேன்டீனையும் சைக்கிள் ஸ்டாண்டையும் கான்ட்ராக்டுக்கு விட்டிருந்தார்கள். வடை போடுகிறவரையும் சைக்கிளுக்கு டோக்கன் கொடுக்கிறவரையும் வேலைக்கு வைத்தது கான்ட்ராக்டர், எங்களுக்கென்ன என்று தியேட்டர்காரர்கள் கேட்டார்கள். 1978இல் சுப்ரீம் கோர்ட், தியேட்டர் முதலாளிதான் பிரின்சிபல் எம்ப்ளாயர், இ.எஸ்.ஐ. கட்டு என்று சொல்லிவிட்டது. சினிமா ஓட்டுவதற்குக் கேன்டீன் கட்டாயம்கூட இல்லை. பனியன் கம்பெனிக்குத் தையல் எப்படி?

அடுத்தது உங்கள் 18. ஆடிட்டர் இந்த இடத்தைத்தான் பார்க்காமல் விட்டிருக்கிறார். 20 என்பது உங்கள் ரோலை மட்டும் வைத்து எண்ணுவதில்லை. பி.எஃப். சட்டத்தில் ஊழியர் என்றாலே கான்ட்ராக்டர் மூலம் வந்து உங்கள் நிறுவன வேலையைச் செய்கிறவரும் சேர்த்திதான். கான்ட்ராக்டர் ஆள் உள்ளே வந்த அன்றைக்கே உங்கள் எண்ணிக்கை 63. இதுவரை வெளியே இருந்த உங்கள் 18 பேருக்கும் அன்றிலிருந்து பி.எஃப். உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வையுங்கள். தொழிலாளி பங்கு 12%, உங்கள் பங்கு 12%, மொத்தம் 3,600 ரூபாய். 45 பேருக்கு மாதம் 1,62,000. இரண்டு வருடம் யாரும் கேட்கவில்லை, கான்ட்ராக்டரும் கட்டவில்லை என்றால் 38,88,000 ரூபாய். இதில் பாதி தொழிலாளி பங்குதானே என்று நினைக்காதீர்கள். சம்பளம் கொடுக்கும்போது பிடிக்காததை நிலுவை என்று சொல்லிப் பின்னால் பிடிக்க முடியாது. அதுவும் உங்கள் கையிலிருந்துதான். அதற்கு மேல் ஆண்டுக்கு 12% வட்டி. அதற்கும் மேல் டேமேஜஸ், அதாவது தாமதத்துக்கான அபராதம். அது 2024 ஜூனிலிருந்து மாதத்துக்கு 1%. உங்கள் 18 பேர் கணக்கு தனி. இ.எஸ்.ஐ. 4% என்பதால் சின்னதாகத் தெரியும். ஆனாலும் அதே 45 பேருக்கு இரண்டு வருடத்தில் 6,48,000 வந்துவிடும். ரேட் கட்டுப்படியாகாது என்கிறீர்களே, இந்தத் தொகையைப் பீஸ் கணக்கில் வகுத்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

இதெல்லாம் பணத்தோடு போகும். அடுத்தது கொஞ்சம் கனமான விஷயம்: இந்த 45 பேர் யாருடைய ஆள்?

நீங்கள் எடுத்துப் போட்டிருக்கும் இரண்டு பாராவையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். முதல் பாராவில் கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் சம்பந்தமே கிடையாது. இரண்டாவது பாராவில் உங்கள் மேனேஜர் சொல்படி நடக்க வேண்டும், உங்கள் செக்கிங் தள்ளினால் கூலியில்லாமல் திரும்பத் தைக்க வேண்டும், பிடிக்காதவனை நீங்களே வெளியே அனுப்பலாம். எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் குறுக்கு விசாரணை செய்யவே தேவையில்லை. இந்த ஒரு தாளைக் காட்டினால் போதும்.

தையல்காரர் விஷயத்தில் கோர்ட் இதை எப்போதோ பார்த்துவிட்டது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு, 1973. அங்கே டெய்லர்களுக்குப் பீஸ் ரேட். வரும் நேரம், போகும் நேரம் கட்டாயமில்லை. சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைத்தார்கள், வேறு கடைக்கும் தைத்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் கடையின் ஊழியர்கள்தான் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. மெஷின் கடையுடையது, தைத்தது சரியில்லை என்று தள்ளித் திரும்பத் தைக்கச் சொல்லும் உரிமையும் கடைக்காரரிடம் இருந்தது. அவ்வளவு சுதந்திரமாக இருந்தவர்களுக்கே இப்படி. உங்கள் ஷெட்டில் 8.30க்கு பெல் அடிக்கும், ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு வரை ஓடும்.

நடுவில் கான்ட்ராக்டர் இருந்தால் வேறு மாதிரி ஆகுமே என்று கேட்பீர்கள். 1978இல் கோழிக்கோட்டுக் கயிறு ஆலை வழக்கு, ஹுசைன்பாய் என்று சொல்வார்கள். அங்கேயும் நடுவில் கான்ட்ராக்டர்தான். சரக்கு ஆலையுடையது, இடம் ஆலையுடையது, முடிந்த கயிறும் ஆலைக்கே. நீதிபதி கிருஷ்ண ஐயர் திரையை விலக்கிப் பார்த்து, ஆலைதான் முதலாளி என்று எழுதினார்.

உடனே எல்லாரும் நிரந்தரமாகிவிடுவார்கள் என்றும் பயப்பட வேண்டாம். 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்னது, கான்ட்ராக்ட் லேபர் முறை தடை செய்யப்பட்டாலே ஆள் தானாக முதலாளியின் ரோலுக்கு வந்துவிட மாட்டார் என்பது. ஆனால் கான்ட்ராக்ட் வெறும் பெயருக்கு என்று விசாரணையில் தெரிந்தால் அவர் ஆதியிலிருந்தே உங்கள் ஆள். அந்த இடத்தில்தான் தமிழ்நாட்டுக்கே உரிய 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம் வந்து நிற்கும். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரம். மற்ற மாநிலத்துக்காரர்கள் எழுதிய ஒப்பந்த மாதிரியை நெட்டில் எடுத்துப் போடுகிறவர்கள் இந்தச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

விபத்து. இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்து பணமும் கட்டியிருந்தால் வைத்தியமும் ஊனப் பணமும் அங்கே கிடைக்கும், நஷ்டஈட்டு வழக்கு உங்கள்மேல் வராது. பதிவு இல்லாமல் ஒருவர் அடிபட்டால் கான்ட்ராக்டர் ஆள் என்று சொல்லித் தப்ப முடியாது. 1923ஆம் வருட நஷ்டஈட்டுச் சட்டத்திலிருந்தே, தன் தொழிலைக் கான்ட்ராக்டரிடம் விட்டவர்தான் முதலில் கொடுக்க வேண்டும். வேலைக்கு வந்த முதல் நாளே இ.எஸ்.ஐ. நம்பர் எடுத்துவிடுங்கள், ஒரு மாதம் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்று இருக்க வேண்டாம்.

சரி, கான்ட்ராக்டரே பி.எஃப். கோட் வைத்திருக்கிறார், சலான் தருகிறார் என்றால்? சலானை மட்டும் வாங்கிப் ஃபைலில் குத்தி வைக்காதீர்கள். நான் பார்த்த ஒரு விஷயம் சொல்கிறேன். ஒரே கான்ட்ராக்டர், மூன்று கம்பெனிக்கு ஆள் விடுகிறார். மூன்று ஃபைலிலும் ஒரே சலான், ஒரே டிஆர்ஆர்என் (சலான் அடையாள) நம்பர், ஒரே தொகை. மூன்று முதலாளியும் நம்ம ஆளுக்குக் கட்டியாயிற்று என்று நிம்மதியாக இருந்தார்கள். கூட வர வேண்டியது ஈசிஆர், பி.எஃப். மாதக் கணக்குப் பட்டியல். அதில் பெயர் பெயராக இருக்கும். அந்தப் பட்டியலை உங்கள் கேட் ரெஜிஸ்டரோடு ஒத்துப் பாருங்கள். பெயர் இருந்தாலும் விட்டுவிடாதீர்கள், என்சிபி நாட்கள் என்று ஒரு கட்டம் இருக்கும், சம்பளம் இல்லாத நாட்கள். உங்கள் கேட்டில் 26 நாள் வந்தவருக்கு அதில் 15 நாள் வரவில்லை என்று போட்டு, மீதி 11 நாளுக்குக் கட்டியிருப்பார்கள். சந்தேகம் இருந்தால் நாலைந்து டெய்லரைக் கூப்பிட்டு, அவரவர் போனில் பாஸ்புக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

பேட்டர்ன் மாஸ்டர்: 10% டிடிஎஸ் வருமான வரிக்கு. அவர் ஊழியரா இல்லையா என்பதை அது முடிவு செய்யாது. தினமும் வருகிறார், உங்கள் மேஜை, உங்கள் சாஃப்ட்வேர், வேறு கம்பெனிக்குச் செய்வதில்லை என்றால் கன்சல்டன்ட் என்று எழுதி வைத்தாலும் நிற்காது. நாலு கம்பெனிக்குப் பேட்டர்ன் போட்டு பில் கொடுப்பவர் என்றால் பரவாயில்லை. வாட்ச்மேன்: ஏஜென்சிக்கு 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு ஏஜென்சி சட்டத்தின்கீழ் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், மாதாமாதம் ஈசிஆர் வாங்குங்கள். அவர்களையும் அந்த எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

பதில் 3: கடைசி டேபிள்

நான் டெய்லர். பிளாட்லாக். முதலாளிங்க பேசுகிற இடத்தில் நுழைகிறேன், தப்பாக எடுத்துக்க வேண்டாம்.

நான் வேலை செய்த ஒரு கம்பெனியில் ஷெட் அதேதான், மெஷின் அதேதான், சூப்பர்வைசர் அக்காகூட அதேதான். கான்ட்ராக்டர் மட்டும் மாறிக்கிட்டே இருப்பார். ஒருத்தர் போய் இன்னொருத்தர் வரும்போது ஆதார் ஜெராக்ஸ் மறுபடி வாங்குவாங்க, புது அட்டை கொடுப்பாங்க. அட்டையில் கான்ட்ராக்டர் பேர் சின்னதாக இருக்கும், கம்பெனி பேர் பெரிசாக இருக்கும். லீவு வேண்டும் என்றால் கம்பெனி மேனேஜரிடம்தான் கேட்போம். கான்ட்ராக்டரை சனிக்கிழமை மட்டும்தான் பார்ப்போம், அதுவும் கவர் கொடுக்க அவர் மச்சான்தான் வருவார்.

பி.எஃப். பிடித்தார்கள். பையன் காலேஜ் ஃபீஸுக்கு எடுக்கலாம் என்று போனால் என் பேரில் இரண்டு யுஏஎன், அதாவது பி.எஃப். நம்பர். ஒன்றில் அப்பா பேர் தப்பு. திருத்தணும் என்றால் அந்தப் பழைய கான்ட்ராக்டர்தான் ஒப்புதல் கொடுக்கணுமாம். அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். கம்பெனியில் கேட்டால், நீங்க எங்க ஆளே இல்லையே என்கிறார்கள். எங்கே போய் நிற்பது?

எங்களில் ஒருத்தர் ரெண்டு பேர் யூனியனில் கேட்டு, பழைய அட்டையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க என்று சொன்னதே யூனியன்காரங்கதான்.

---

பதில் 4: காஜா பட்டன்

எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் ஹெச்ஆர். சலான் ஐயா எழுதியதில் விட்டுப் போன ஒன்று: பெண்கள்.

2013ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் ஊழியர் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படியுங்கள். தினக்கூலி, தற்காலிகம், கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் எல்லாரும் வருவார்கள். அதுவும், பிரின்சிபல் எம்ப்ளாயருக்குத் தெரிந்தோ தெரியாமலோ வந்தவர் என்றே எழுதியிருக்கிறது. அவர் என் ஆள் இல்லை, எனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்ல இடமே வைக்கவில்லை. 10 பேர் இருந்தாலே புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். கான்ட்ராக்டரின் லைன் சூப்பர்வைசர்மேல் கைமடி வேலைக்கு வந்த பெண் புகார் கொடுத்தால் அதை எடுத்து விசாரிக்க வேண்டியது உங்கள் குழு. பிரசவ விடுப்பும் இதே கதைதான்: 80 நாள் வேலை செய்திருந்தால் உரிமை உண்டு, இ.எஸ்.ஐ.யில் இருந்தால் பணம் அங்கே வரும், இல்லையென்றால் தேடி வருவது உங்களைத்தான்.

எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன் என்கிறீர்கள். பையர் ஆடிட், அதாவது சரக்கு வாங்குகிற கம்பெனியின் சோதனை, உங்கள் ஷெட் வரைக்கும் வரும். அந்த ஆடிட்டர்கள் ஸ்டாம்ப் பேப்பரைப் புரட்டுவதில்லை. லைனில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் நேராகப் போய், உங்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள், ஸ்லிப் இருக்கிறதா, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் வருகிறதா என்று கேட்பார்கள். ஒடிசா ஆள் என்றால் மொழி தெரிந்தவரைக் கூட்டி வருவார்கள். அரசு நோட்டீஸ் வருவதற்கு முன்னால் ஆர்டர் போய்விடும்.

கடைசி டேபிள் அக்கா, இரண்டு யுஏஎன் இருந்தால் இப்போது ஆதாரோடு இணைந்திருப்பதை வைத்துக்கொண்டு பழையதைப் புதியதற்கு மாற்றலாம். அப்பா பெயர் தப்புக்கு, பழைய நிறுவனம் மூடிவிட்டது அல்லது ஆள் கிடைக்கவில்லை என்று பி.எஃப். அலுவலகத்தின் குறைதீர் தளத்தில் எழுதிப் போடுங்கள். பழைய அட்டை, பாஸ்புக் காப்பி இரண்டையும் கூட வையுங்கள்.

---

கேட்டவர்: பல்லடம் ரோடு

எல்லாருக்கும் நன்றிங்க. சலான் ஐயா, கணக்கைப் பார்த்துவிட்டு ஆடிட்டரிடம் பேசினேன். கான்ட்ராக்டர் ஆளும் 20இல் சேரும் என்பதை ஒத்துக்கொண்டார்.

இப்போது மூன்று வழி யோசிக்கிறேன். ஒன்று, மெஷினைக் கான்ட்ராக்டருக்கே வாடகைக்கு விட்டு, ஷெட்டையும் வாடகை ஒப்பந்தம் போட்டுவிடுவது. இரண்டு, 11 மாதத்துக்கு ஒரு முறை ஆளை நிறுத்தி, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுப்பது. மூன்று, மாமனார் சொன்னபடி நேரடியாக ரோலில் எடுப்பது. ஆனால் ஆர்டர் இல்லாத மாதத்தில் 45 பேருக்கு என்ன செய்வேன்?

---

பதில் 5: பழைய சலான்

இரண்டாவதை இன்றைக்கே மறந்துவிடுங்கள். நடுவில் இரண்டு வாரம் இடைவெளி விட்டது எதற்கு என்று எந்த அதிகாரிக்கும் தெரியும். 480 நாள் கணக்கு 24 மாதத்துக்குள் என்று வைத்திருப்பதே இந்த மாதிரி இடைவெளிகளையும் தாண்டித்தான். வருடத்துக்கு இரண்டு வாரம் போனாலும் 480 எட்டிவிடும். போதாததற்கு, நல்ல ஓவர்லாக் டெய்லர் இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்திருப்பாரா? மூன்றாம் நாள் பக்கத்துக் கம்பெனியில் இருப்பார்.

முதலாவது: வாடகை ரசீது மட்டும் இருந்து, உங்கள் மேனேஜர் அதே லைனில் நின்றுகொண்டிருந்தால் பிரயோஜனம் இல்லை. கான்ட்ராக்டர் உண்மையிலேயே தனி ஆளாக இருக்க வேண்டும். தனிக் கேட், தனி மின் இணைப்பு, அவர் பெயரில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கோட், அவர் சூப்பர்வைசர், நாலு கம்பெனிக்குத் தைக்கும் சுதந்திரம். இப்போது வெளியே பவர் டேபிளுக்குக் கொடுக்கிறீர்களே, அது ஓரளவு அப்படித்தான். கட்டிங் பண்டல் போகிறது, தைத்த பீஸ் வருகிறது, அங்கே யார் எந்த மெஷினில் உட்கார்ந்தார்கள் என்பது உங்கள் கவலை இல்லை. பீடி சுற்றுகிறவர்கள் வழக்கில் வீட்டிலிருந்து சுற்றியவர்களையே ஊழியர் என்று 1985இல் சொல்லியிருக்கிறார்கள், அதனால் வெளியே கொடுத்தாலே முழுப் பாதுகாப்பு என்றும் சொல்லமாட்டேன். ஆனாலும் சொந்த ஷெட்டுக்குள் கான்ட்ராக்டர் ஆளை உட்கார வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். தையலை உள்ளே கொண்டுவருவதே தரத்துக்காகவும் டெலிவரிக்காகவும்தான் என்றால், கண்காணிப்பு உங்கள் கையில் இருந்தே தீரும். கண்காணிப்பு வேண்டும், பொறுப்பு வேண்டாம் என்பது நடக்காது.

மூன்றாவதுக்கு ஒரு நடு வழி இருக்கிறது, ஃபிக்ஸட் டேர்ம். இந்த முறையை மத்திய அரசு 2016இல் முதன்முதலில் கொண்டுவந்ததே ஆயத்த ஆடைத் தொழிலுக்குத்தான், 2018இல் மற்றவர்களுக்கும் விரித்தார்கள். இப்போது புதிய தொகுப்பிலும் இருக்கிறது. நீங்களே நேரடியாக, இத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில் எடுக்கலாம். நிரந்தர ஆளுக்குக் கொடுக்கும் சம்பளம், சலுகை எதிலும் குறைக்கக் கூடாது. ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு, ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. காலம் முடிந்தால் வேலை முடிந்தது, அது ஆட்குறைப்பு ஆகாது. ஆனால் அதையே புதுப்பித்துக்கொண்டே போனால் 480 நாள் சட்டம் குறுக்கே வருமா என்பதைத் தொழிலாளர் சட்டம் பார்க்கிற வக்கீல் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆடிட்டரிடம் கேட்காதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 40 மெஷினையும் ஒரே மூச்சில் இறக்கமாட்டேன். வருடம் முழுக்க ஓடும் அளவுக்கு, ஒரு 20 மெஷினை நேரடி ஆளோடு ஓட்டுவேன். சீசன் கூடுதலை வெளியே பவர் டேபிளுக்கே விடுவேன். இதில் ரோல் 18இலிருந்து 40 பக்கம் போகும், பி.எஃப். வந்தே தீரும். அதை இப்போதே பீஸ் ரேட்டில் ஏற்றி எக்ஸ்போர்ட் கம்பெனியிடம் கேளுங்கள். தரமாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். ஆடிட்டுக்கு அவர்களுக்கும் ஒரு சுத்தமான யூனிட் தேவைப்படுகிறது.

எப்படியும் கான்ட்ராக்டர்தான் என்று முடிவு செய்தால், அந்தத் தாளை மாற்றி எழுதுங்கள். "யாதொரு சம்பந்தமும் கிடையாது" என்ற வரியால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மாதமும் ஈசிஆரும் சம்பளம் பேங்கில் போன விவரமும் வராமல் அடுத்த பில் பாஸ் ஆகாது என்று எழுதுங்கள். பில்லில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள், அதைப் பீஸ் ரேட்டுக்குள் அமுக்காதீர்கள். ஓவர்லாக் மேலே சொன்னாரே, கட்ட முடியாது என்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிறோம் என்று. அதற்கு இடம் கொடுக்காமல் செய்வது அந்தத் தனி வரிதான். கடைசி இரண்டு மாத பில்லில் ஒரு பகுதியை, அவர் எல்லாம் கட்டி முடித்த ஆதாரம் காட்டும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையையும் எழுதுங்கள்.

---

கேட்டவர்: பல்லடம் ரோடு

பிடித்து வைப்பது என்றால் எத்தனை சதவீதம் வைப்பது ஐயா? கான்ட்ராக்டர் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

---

பதில் 6: ஓவர்லாக்

பில்லில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தனி வரியாகக் கொடுத்தீங்கன்னா, அந்தத் தொகையை மட்டும் பிடித்து வையுங்க, சலானைக் காட்டி வாங்கிக்கிறோம். தையல் கூலியில் கை வைக்காதீங்க. சனிக்கிழமை கவர் கொடுக்காட்டி திங்கட்கிழமை மெஷினில் ஆள் உட்கார மாட்டான்.

---

பதில் 7: பழைய சலான்

ஓவர்லாக் சொன்னதையே எழுதிவிடுங்கள். சலான் கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 15. ஈசிஆர் உங்கள் கைக்கு 18க்குள் வந்துவிட வேண்டும், பிடித்த தொகையை 20ஆம் தேதி விடுவிக்க வேண்டும் என்று தேதியோடு போடுங்கள்.